வெறும் தூக்குவாளி

அவள் வீட்டுக்குப் போன பாத்திரம் வெறுமனே திரும்பி வந்ததே கிடையாது.

தாராவியில் எனக்கு எதிர்வீடு அவள். எதிர்வீடு என்றால், என் வாசலில் நின்று கையை நீட்டினால் அவள் கதவைத் தட்டிவிடலாம். சந்து அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வைத்து என் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பேன். மறுநாள் கழுவித் துடைத்து வந்து சேரும். உள்ளே ஏதாவது இருக்கும். அவியல் இருக்கும், இல்லாவிட்டால் ரெண்டு தக்காளி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கை சீனி.

ஒரு தடவை குடை இரவல் வாங்கிப் போனாள். குடைக்குள் என்னத்தைப் போட்டுத் தருவாள், பார்ப்போம் என்று இருந்தேன். மறுநாள் நான் பூ வாங்க தாதருக்குக் கிளம்பி, தூறுகிறதே என்று குடையை விரித்தால், என் தலையில் பொத்தென்று ரெண்டு முருங்கைக்காய் விழுந்தது. சந்தே சிரித்தது.

"ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றேன்.

"வாங்குன கை வெறுங்கையாத் திரும்புனா எனக்கு உறக்கம் வராதுக்கா," என்றாள்.

அதுதான் அவள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதை நல்ல குணம் என்று எல்லோரும் சொல்லுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு மழைக்காலத்தில் சந்துக்குள் முழங்கால் தண்ணி. அவள் அடுப்பு நனைந்து அணைந்துவிட்டது, அரிசிப் பானைக்குள் சாக்கடை ஏறிவிட்டது. நான் உயரத்தில் அடுப்பு வைத்திருந்தவள். சோறும் பருப்பும் கொடுத்தேன். அவள் வீட்டில் அன்றைக்கு ஒன்றுமே கிடையாது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தூக்குவாளி திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் நாலைந்து கல் உப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டால்தானே கொடுக்கிறவர்களுக்கு மரியாதை? நான் மாதுங்காவில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பூக்கட்டி ரெண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள். எனக்கும் கொடுக்கத் தெரியும். அந்த மரியாதையை அவள் எனக்குக் கடைசிவரை தரவே இல்லை.

அவளுக்குச் சட்டையில் நூல் வெட்டுகிற வேலை. கம்பெனியிலிருந்து தைத்த சட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். தையல் ஓரத்தில் தொங்கும் நூலையெல்லாம் குட்டிக் கத்தரியால் வெட்டி, மடித்து, திருப்பி அனுப்ப வேண்டும். புருஷன் குடிகாரன். சம்பளம் வாங்கியதெல்லாம் சாராயக்கடைக்கு. ஆனால் அந்த மனுஷன் செத்தது நெஞ்சுவலியில். இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், பிற்பாடு இவளுக்கு ஈரல் போய்விட்டது என்று தெரிந்ததும் சந்தில் சிலபேர், "மறைச்சு மறைச்சுக் குடிச்சிருப்பாளோ?" என்று பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது.

"குடிச்சே கெடந்த மனுசனுக்கு ஈரல் கல்லுகணக்கா இருந்துச்சு. தண்ணியக்கூட அளந்து குடிச்ச எனக்கு இப்படி. கேட்டியளாக்கா கூத்தை," என்று அவளே சிரித்தாள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேர்ந்து இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். சந்துக்கு டாக்டர் சொன்னதா முக்கியம்?

அவளுக்கு மகன் ஒன்று, மகள் ஒன்று. மகன் தோல்பட்டறையில் பை தைக்கிறவன். மகளை மான்குர்த்தில் ஆட்டோ ஓட்டுகிற பையனுக்குக் கொடுத்திருந்தாள். நல்ல பையன்.

எங்கள் ஆட்களில் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில், அவள் ஒரு பிள்ளை பெறுகிறவரைக்கும் பெற்றவர்கள் கை நனைக்க யோசிப்பார்கள். பெண்ணுக்குக் கொடுக்கலாம், பெண்ணிடம் வாங்கக்கூடாது என்று ஒரு கணக்கு. பிள்ளை பிறந்துவிட்டால் அதெல்லாம் தானாகப் போய்விடும். இவளுக்குப் போகவில்லை. பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும், குர்லாவில் வண்டி மாறி மான்குர்த்தில் இறங்கி, அந்த ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத்தான் மகள் வீட்டுக்குள் நுழைவாள். குடிதண்ணிகூடத் தன் பாட்டிலில். மகள் டீ கொடுத்தால், "ஆறட்டும்ளா" என்று கீழே வைப்பாள். ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

"எங்கம்மைக்கு என் வீட்டுத் தண்ணி விஷம், பெரியம்மா," என்று மகள் என்னிடம் சொல்லுவாள். அந்தப் பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி. தாய் வாய் திறக்காமல் சேர்த்து வைத்ததெல்லாம் மகளுக்கு வந்துவிட்டது.

சீக்கு வந்தது எப்படித் தெரிந்தது என்றால், அதுவும் தூக்குவாளியில்தான். கொஞ்ச நாளாக அவளுக்குக் கால் வீங்கியது, கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் என் தூக்குவாளியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உங்களுக்குப் பிடிக்கும்லா, சேமியா," என்றாள்.

திறந்தேன். உள்ளே முழுக்க வெட்டிப்போட்ட நூல். வெள்ளையும் நீலமும் சிவப்புமாக, அமுக்கி அமுக்கி நிறைத்திருந்தாள்.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "சூடா இருக்கும்போதே தின்னுங்க" என்று சொல்லிவிட்டு நின்றாள். பட்டறைக்கு ஆள் அனுப்பி மகனை வரவழைத்து, அந்த நிமிஷமே டாக்ஸியில் ஏற்றினோம். ஈரல் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாவிட்டால் அந்த அழுக்கு ரத்தத்தோடு போய் மூளையைக் குழப்பும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து கொடுத்ததும் தெளிந்துவிட்டாள். ஆனால் ஈரல் தேறாது, வேறு ஈரல் வைக்க வேண்டும் என்றார்கள்.

செத்தவர்கள் ஈரலுக்குப் பெயர் எழுதிப் போட்டால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் தன் ஈரலில் பாதிக்குமேல் வெட்டிக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கும் அது சில மாசத்தில் வளர்ந்துவிடும், வாங்கியவருக்கும் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். "பல்லி வாலா அது, வளர?" என்று அவள் கேட்டாள். அவள் சாகிறவரைக்கும் அதை நம்பவே இல்லை.

மகனுக்கு ரத்தம் சேரவில்லை. மகளுக்கு எல்லாம் சேர்ந்தது. பணம் எப்படிப் புரண்டது என்பது வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம். பணத்தைவிடப் பெரிய மலை ஒன்று நடுவில் நின்றது. அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"மக வீட்டுல தண்ணி குடிக்காதவ நான். மக ஈரலை வாங்கி வயித்துல வைக்கவா? அந்தப் பாவத்துக்கு எத்தனை ஜென்மம் எடுத்துத் தீர்ப்பேன்?"

மகன் அழுதான். நான் திட்டினேன். மருமகன் வந்து காலைத் தொட்டான். மருமகனின் தாய் ஒரு பக்கம், "எங்க வீட்டுப் பிள்ளையை அறுத்து உங்களுக்குக் குடுக்கவா கட்டிக்கிட்டு வந்தோம்?" என்று குதித்தாள். அந்தம்மா சொன்னதுதான் நியாயம் என்று இவள் ஒரே பிடி. வயிறு பானையாக உப்பி, மூச்சு வாங்குகிறது, அப்போதும் அதே பேச்சு.

அந்த மகள் ஒருநாள் தாயின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"யம்மா, பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்ப?"

"உன் வயித்துல பத்து மாசம் இருந்தேன். வெறும் பாத்திரமாப் போட்டுட்டு வெளிய வந்துட்டேன். எனக்கு முப்பது வருசமா உறக்கம் வரல. ஒரு துண்டு போட்டுத் திருப்பித் தாரேன், வாங்கிக்க. உன்கிட்ட இருந்து வந்ததுதான? உன்கிட்டயே போவுது. இதுல நீ எங்க வாங்குற?"

அவள் வெகுநேரம் மகள் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பெரிய வக்கீலு," என்றாள். அவ்வளவுதான், சம்மதித்துவிட்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என்ன பேச்சுப் பேசிவிட்டது இந்தப் பிள்ளை என்று மாதுங்காவில் என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தப் பேச்சு பிறகு என்ன வேலை செய்யும் என்று அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஆப்பரேஷனுக்கு முன்னால் மகளைத் தனியறையில் உட்கார்த்தி வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டு, யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார்களாம். இஷ்டமில்லை என்றால் எங்களிடம் மட்டும் சொல், உன் ஈரல் சேரவில்லை என்று நாங்களே வீட்டில் சொல்லிவிடுகிறோம், யாருக்கும் தெரியாது என்றார்களாம். "நான் மட்டும் அப்படிச் சொல்லியிருந்தா எங்கம்மை டாக்டருக்குத் தூக்குவாளி நிறையப் பாயாசம் அனுப்பியிருப்பா, பெரியம்மா," என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள்.

ரெண்டு பேரும் பிழைத்து வந்தார்கள். மகளுக்குக் கொஞ்ச நாள் வயிற்றில் குழாய் போட்டிருந்தார்கள், பிறகு அதுவும் தேறியது. தாயின் கண் வெள்ளையாயிற்று, கன்னத்தில் சதை வைத்தது. வாயில் துணி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பழையபடி நூல் வெட்டினாள். தினம் விடிந்ததும் மகளுக்குச் சமைக்கத் தொடங்கிவிடுவாள். கோழிச்சாறு, முட்டை, கீரை. கூட்டமான வண்டியில் போகாதே, ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மருமகன் ஆட்டோவில் வந்து வாங்கிப் போவான். "போதும், அத்தை. அவ பலூன் மாதிரி ஊதிட்டா," என்பான். அவள் கேட்டால்தானே. எவ்வளவு கொடுத்தாலும் அந்தக் கணக்கு அவளுக்கு நேராகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு விஷயத்தைப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையும் மாலையும் ஒரு மாத்திரை, சொன்ன மணிக்கு, ஆயுசு பூராவும். ஏன் என்று அவள் கேட்டிருக்கிறாள். டாக்டர் இந்தியில் சொன்னார், "உன் உடம்பு இந்த ஈரலை பாஹர் கா ஆத்மி என்று நினைக்கும், அடித்து விரட்டப் பார்க்கும். அடிக்காமல் இருக்கத்தான் இந்த மாத்திரை."

பாஹர் கா ஆத்மி. வெளியாள். இந்த ஊரில் தண்ணிக் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் எங்களைப் பார்த்து எத்தனையோ பேர் சொன்ன சொல். அவள் அதற்கெல்லாம் வருத்தப்பட்டதில்லை. இதற்கு வருத்தப்பட்டாள்.

"எம்புள்ள எனக்கு வெளியாளாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஏளா, டாக்டர் உடம்பைச் சொல்லுதாரு. மனசையா சொல்லுதாரு?" என்றேன்.

"உடம்புலதான அவ இருந்தா?" என்றாள்.

அப்போது மாத்திரையைத் தின்றுகொண்டுதான் இருந்தாள். சொன்ன மணிக்குச் செல்போன் கூவும், உள்ளே போவாள், வருவாள். சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு வருஷம் தாண்டியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் நான் கடையை எடுத்து வைத்துவிட்டு வந்து அவளோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் கூவியது. அவள் அதை அமுக்கி மடியில் போட்டுவிட்டு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை?"

"அதெல்லாம் நிறுத்திட்டேன்."

"என்னது?"

"நிறுத்தி நாளாச்சுக்கா. என்ன கெட்டுப்போச்சு எனக்கு? நல்லாத்தான இருக்கேன்? எங்கிட்ட இருந்து போனது எங்கிட்டயே வந்திருக்குன்னு அவதான சொன்னா. சொந்த வீட்டுக்கு வந்த பிள்ளையை எந்த உடம்பு அடிக்கும்? மாத்திரை போடுறதுதான் அவளை வெளியாளுன்னு சொல்லுத மாதிரி இருக்கு." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இருக்குமே, அது.

நான் எழுந்து அவள் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கி வைத்தேன். அவள் போனிலிருந்தே மகளைக் கூப்பிட்டேன். "உங்கம்மை மாத்திரையை நிறுத்திட்டா, உடனே வா" என்றேன். அக்கா, அக்கா என்று கையைப் பிடித்தாள். நான் விடவில்லை.

மகளும் மருமகனும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யம்மா, உனக்குப் பைத்தியமா? எதுக்கு நிறுத்துன?"

அவள் என்னிடம் சொன்னதையே மகளிடமும் சொன்னாள், குரல் தாழ்ந்து. மகள் தாய்க்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைச் சுமந்தப்ப உனக்கு எத்தனை மாசம் வாந்தி?"

"ஏன் கேக்க?"

"சொல்லு. நீதான ஊரு பூராவும் சொல்லுவ. பச்சைத் தண்ணி தங்கல, சோத்து வாசனை ஆகல, எலும்பும் தோலுமாக் கெடந்தேன், இந்தச் சிறுக்கி என்னைப் பாடாப் படுத்துனான்னு. சொல்லுவியா மாட்டியா?"

"ஆமா."

"அப்ப உன் உடம்பு என்னைச் சொந்தம்னா நினைச்சுது? உன் மனசுக்கு நான் பிள்ளை. உன் உடம்புக்கு அன்னைக்கே நான் வெளியாள்தாம்மா. அன்னைக்கு எப்படியோ சகிச்சுப் பெத்துட்ட. இப்பவும் சகிக்கணும், மாத்திரையைத் தின்னு சகிக்கணும். அன்னைக்கு நான் பேசுனது பேச்சும்மா! நீ ஒத்துக்கணும்னு பேசுனது!"

மகள் மாத்திரையைப் பிரித்துத் தாயின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணிக்கு அவள் எழுந்திருக்கப் போனாள். மகள் தன் பையிலிருந்த பாட்டிலை நீட்டினாள். மான்குர்த் வீட்டுத் தண்ணி. அவள் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். வாங்கினாள். மாத்திரையைப் போட்டுக் குடித்தாள். மூச்சு விடாமல், பாட்டில் தீருகிறவரைக்கும் குடித்தாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடம்பு உள்ளே அடிக்கத் தொடங்கியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியாமலே வெகுதூரம் போய்விட்டது. ஊசிமேல் ஊசி போட்டார்கள். ஒரு வாரம் ஏறும், மறுவாரம் இறங்கும். மறுபடி கண் மஞ்சளித்தது. ரெண்டாவது தடவை ஈரல் வைப்பதைப் பற்றியும் பேச்சு வந்தது. அதைத் தாங்குகிற உடம்பு அவளிடம் இல்லை.

நான் தினமும் தூக்குவாளியில் சோறும் ரசமும் கொண்டுபோவேன். அவளுக்கு இல்லை, வராந்தாவில் கிடக்கிற அந்த மகளுக்கு. ஒருநாள் என்னை உள்ளே விட்டார்கள். கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினாள்.

"அக்கா, அவ குடுத்ததைக் கெடுத்துட்டேன். திருப்பிக் குடுக்கவும் ஆகாது. அவளுக்கு நான் என்னத்தைப் போட்டுக் குடுப்பேன்?"

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வாய் உள்ளவள் நான். "அவளுக்கு வளந்துட்டுளா, முழுசா வளந்துட்டாம், படம் எடுத்துப் பாத்துட்டாங்க," என்று மட்டும் சொன்னேன். நம்பாத கண்ணால் என்னைப் பார்த்தாள். ரெண்டு நாளில் போய்விட்டாள்.

மின்சாரச் சுடுகாட்டு வாசலில் பொம்பளைகள் நாங்கள் ஒதுங்கி நின்றோம். உலைக் கதவு இறங்கியபோது அந்த மகள் அழவில்லை. விலாவுக்குக் கீழே, தழும்பு இருக்கிற இடத்தில், ரெண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டு குனிந்து நின்றாள். வலிக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினாள்.

நாலு நாள் கழித்து என் வாசலுக்கு வந்தாள். கையில் என் தூக்குவாளி. ஆஸ்பத்திரியில் நின்றுபோனது. தாய் கழுவுகிற மாதிரியே பளபளவென்று கழுவியிருந்தாள்.

"பெரியம்மா, துட்டி வீட்டுல இருந்து ஒண்ணும் போட்டுக் குடுக்கக்கூடாதாம். வெறுமனேதான் கொண்டாந்திருக்கேன்."

"பின்ன? கொண்டா."

"நான் அந்தப் பேச்சு பேசியிருக்கக்கூடாது, பெரியம்மா."

"பேசாட்டி ஒன்றரை வருசம் முன்னாலயே போயிருப்பா," என்றேன். அது உண்மைதான். அவளுக்கு அது போதவில்லை என்பதும் தெரிந்தது.

நான் அவள் தாயைப் போல இல்லை. எனக்கு வெறும் பாத்திரத்தை வாங்கிக்கொள்ளத் தெரியும். கையை நீட்டித் தூக்குவாளியைப் பிடித்தேன். அவள் கைப்பிடியை விடவில்லை. நானும் இழுக்கவில்லை. சந்துக்குள் போகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.